கல்லூரி மாணாக்கரும் மனத்தளர்ச்சியும்

உடம்பிற்கு நோய் வருமாயின் அதனை ஒளிப்பார் இலர். காய்ச்சல் கண்ட மாணாக்கர் விடுதிக் காப்பாளரிடஞ் சென்று தம் நிலையைக் கூற நாணுவதில்லை. அவருக்குக் கஞ்சி வருகின்றது. நண்பர் மருந்து வாங்கி வருகின்றனர். வகுப்பிற்கு வாராமையை ஆசிரியரும் பொறுத்துக்கொள்ளுகின்றனர். மனத்திற்கு நோய் வருமாயினோ, அதனை உடையார் முதலில் தமக்கே அதனை மறைக்கின்றனர். பின்னர்ப் பெற்றோருக்கு மறைக்கின்றனர். ஈற்றில் ஒருவரும் அறியாவண்ணம் தன்னந்தனியே அதனைச் சுமக்கின்றனர். இவ்வேற்றுமை எதனால் நேர்ந்தது? கல்வி பயிலும் பருவத்தில் மனம் தளர்வதற்குரிய காரணங்கள் யாவை? அதனைத் தணிக்கும் நெறிதான் யாது? இவற்றை ஆராய்வதே இச்சிறு கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் மருத்துவம் பயின்றவரல்லேம், தமிழ் பயில்பவரேம். ஆயினும், நோயின்னது, அதன் காரணம் இன்னது, தீர்க்கும் வழி இன்னது என முறையே நாடுதல் வேண்டுமென்பதை வள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் வகுத்திருத்தலின், அம்முறையையே ஈண்டு மேற்கொள்ளுவோம்.

1. மன அழுத்தமும் மனச்சோர்வும்

இவ்விரண்டும் ஒன்றென்று கருதுவார் பலர். அஃது பொருந்தாது. தேர்வு நெருங்குங்கால் நெஞ்சு படபடத்தலும், உள்ளங்கை வியர்த்தலும், பசி குன்றுதலும் மன அழுத்தத்தின் குறிகளாம். இடர் நேருங்கால் உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் சில சுரப்புக்களைக் குருதியிற் கலக்கின்றது, இதயம் விரைகின்றது, தசைகள் இறுகுகின்றன. 1936-ஆம் ஆண்டில் ஹான்ஸ் ஸெல்யே என்னும் அறிஞர் இத்தகைய உடல் மாறுபாடுகளைச் சோதனை வாயிலாக விளக்கி எழுதினார். இடர் நீங்கியதும் உடம்பு பழைய நிலைக்கு மீளுமாயின் தீங்கொன்றுமில்லை. இடர் நீங்காது மாதக்கணக்கில் தொடருமாயின் உறக்கமும் நினைவாற்றலும் கெடுகின்றன.

மனச்சோர்வு என்பது இதனின் வேறாய நோய். இரண்டு வாரமோ அதற்கு மேலோ பெரும்பாலும் நாள்தோறும் உள்ளம் சோர்ந்திருத்தல், முன்பு விரும்பிய எவற்றிலும் விருப்பமின்மை, உறக்கமும் உணவும் மாறுபடுதல், தான் எதற்கும் பயனற்றவன் என்னும் எண்ணம் ஆகியன அதன் குறிகள். இது சோம்பலன்று, நம்பிக்கைக் குறைவுமன்று. மருத்துவத்தால் தீரக்கூடிய நோயேயாம்.

அழுத்தமே கூடாதென்றும் நாம் சொல்லுகின்றிலேம். நம் பக்கத்தில் தோலினை அறியாதார் இலர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோற்றொழிலோடு தொடர்பற்ற தெருவைக் காண்டல் அரிது. பச்சைத்தோலை நீரில் ஊறவைத்துச் சுண்ணாம்பிலிட்டு, மயிரும் ஊனும் நீக்கி, முற்காலத்து ஆவாரம்பட்டைச் சாற்றிலும் இக்காலத்துப் பெரும்பாலும் குரோமிய உப்பிலும் பதனிட்டு, பின்னர் இழுத்துக்கட்டி உலர்த்துவர். இழுத்துக் கட்டாத தோல் சுருங்கிப்போம். அளவிற்கு மேல் இழுத்ததோ வலிவிழந்து கிழிந்துபோம். இரண்டிற்கும் இடைப்பட்டதே பதம். பதனிடுதல் என்னும் சொல்லும் அதுபற்றியே வந்தது. மனித மனமும் இத்தன்மைத்தே. சிறிது பதற்றம் முயற்சியைத் தூண்டும், மிக்க பதற்றம் அம்முயற்சியையே கெடுக்கும் என்று 1908-ஆம் ஆண்டில் யெர்க்ஸ், டாட்ஸன் என்னும் உளநூலார் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சியினின்றும் பின்வந்தோர் உணர்ந்தனர். தேர்வுக்கு முந்தைய இரவு முழுதும் விழித்துப் படித்தவர், அறிந்த விடையையும் மறந்து தாளை வெறித்து நோக்கியிருத்தல் இதற்குச் சான்றாம்.

2. காரணங்கள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எட்டு மெய்ப்பாடுகளைக் கூறி, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களங்களிற் பிறக்கும் என்றார். அவற்றுள் அழுகை என்பது இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினின்றும் பிறப்பதாகும். இந்நூற்பாவை வகுப்பிற் பாடங்கேட்டபொழுது, இது நம் விடுதி அறைகளைப் பார்த்து எழுதியது போலும் என்று தோன்றிற்று. ஒவ்வொன்றாக நோக்குவோம்.

இளிவென்பது பிறரால் இகழப்படுதல். சிற்றூர்ப் பள்ளியில் தமிழ் வாயிலாகப் பயின்று வந்த மாணாக்கர், ஆங்கிலத்தில் வினவப்பட்ட வினாவிற்கு விடையறிந்தும் வாய்திறவாதிருத்தலை நாள்தோறும் காண்கின்றோம். ஒருமுறை ஒரு சொல்லைத் தவறாக ஒலித்தமைக்கு வகுப்பு நகைத்ததாயின், அந்நகை நகைத்தவர்க்கு நொடிப்பொழுதில் மறந்துபோம். நகைக்கப்பட்டவர்க்கோ ஆண்டு முழுதும் மறவாது. சாதி குறித்தும், நிறங்குறித்தும், உடை குறித்தும், தாய்தந்தையர் தொழில் குறித்தும் எழும் ஏளனச் சொற்களும் இவ்வினத்தனவே. தோற்றொழிலாளர் மக்கள் இதனை நன்கறிவர்.

இழவென்பது உற்றாரை இழத்தல். 2020, 2021-ஆம் ஆண்டுகளிற் பரவிய கொரோனாக் கொள்ளைநோயில் தந்தையையோ தாயையோ பாட்டியையோ பறிகொடுத்த சிறுவர் பலர் இன்று கல்லூரி மாணாக்கராய் நம்மோடு இருக்கின்றனர். அக்காலத்து ஊரடங்கினாற் கூடியழுதற்கும் இடமின்றிப் போயிற்று. அழப்பெறாத துயர் அடிமனத்தில் தங்கிப் பின்னர் வேறுருக்கொண்டு எழும்.

அசைவென்பது முன்னிருந்த நிலையினின்றுந் தளர்தல். பள்ளியில் முதல்வராய் விளங்கியவர் கல்லூரிக்கு வந்தபின் ஒரு தாளில் தவறிவிடுகின்றார். ‘அரியர்’ என்று நாம் எளிதாகச் சொல்லும் அச்சொல் அவர்க்குத் தம் பெயரே அழிந்தாற்போல் ஒலிக்கின்றது. இதற்கோர் உண்மை எடுத்துக்காட்டுக் கூறுவோம். கணித மேதை இராமானுஜன் 1904-ஆம் ஆண்டில் உதவிச் சம்பளம் பெற்றுக் கும்பகோணம் அரசினர் கல்லூரியிற் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கிப் பிற பாடங்களைக் கைவிட்டமையின் தேர்வில் தவறினார். உதவிச் சம்பளமும் நின்றது. 1905-ஆம் ஆண்டில் வீட்டாரிடம் ஒன்றுஞ் சொல்லாது விசாகப்பட்டினத்திற்குப் போய்விட்டார். மீண்டு வந்து 1906-இற் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எப்.ஏ. தேர்விற் தேறினாரல்லர்.

தேர்விற் தவறியவரும் பிற்காலத்துப் பெரியோராவர் என்பதற்கே இக்கதையைப் பலர் எடுத்துரைப்பர். நாம் இதனைக் கூறுவது அதற்கன்று. தவறியவரெல்லாம் இராமானுஜராதல் இயலாதன்றோ? 1907-ஆம் ஆண்டிற்கும் 1912-ஆம் ஆண்டிற்கும் இடையில் அவர் தம் குறிப்பேட்டைக் கையிலேந்தி வீடுவீடாய்ச் சென்றபொழுது, சிலர் அதனை வாங்கிப் பொறுமையுடன் நோக்கினர். இராமசாமி ஐயர் நோக்கினார். நெல்லூரிற் கலெக்டராயிருந்த இராமச்சந்திர ராவ் நோக்கி மாதந்தோறும் இருபத்தைந்து ரூபாய் உதவினார். 1912-இற் சென்னைத் துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. தளர்ந்தவர் ஒருவரை மற்றொருவர் ஏறெடுத்து நோக்கினர் என்பதே நாம் கற்றுக்கொள்ளத்தக்க பாடம்.

வறுமையைப்பற்றி விரித்துரைக்க வேண்டுவதின்று. ஆம்பூரிலுள்ள காலணித் தொழிற்சாலைகளில் தையற்பொறியின் முன் அமர்ந்திருப்போருட் பெரும்பாலார் பெண்டிர். நம் வகுப்புத் தோழர் பலருடைய தாய்மார் அவ்வினத்தவர். குடும்பத்தில் முதன்முதற் கல்லூரிக்கு வந்த பிள்ளை, தான் செலுத்துங் கட்டணம் தாயின் எத்தனை நாள் உழைப்பு என்று கணக்கிட்டுக்கொண்டே படிக்கின்றது. மாணவியர்க்கோ வீட்டுவேலையும், படிப்பு முடியுமுன்னரே திருமணப் பேச்சும் கூடுதற் சுமையாகின்றன. அன்பினாற் பிறக்கும் சுமையே சுமைகளிற் பெரிது. ஏனெனில் அதனை இறக்கிவைக்க மனம் வாராது.

3. ஒரு நண்பர்

இனி நமக்கே நேர்ந்த ஒன்றைக் கூறுவோம். இதனை எழுதுதற்கு அந்நண்பர் இசைந்துள்ளார்.

அவர் ஆம்பூரினின்றும் நாள்தோறும் இரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, அங்கிருந்து பேருந்தில் வருபவர். தாயார் காலணித் தொழிற்சாலையில் மேற்றோல் தைப்பவர். தந்தையார் உடல்நலங்குன்றி வீட்டிலிருப்பவர். முதலாண்டில் நம்மோடு முன்வரிசையில் அமர்ந்து, யாப்பிலக்கணத்தில் நமக்கு விளங்காதவற்றை விளக்கியவர் அவரே. இரண்டாம் ஆண்டில் சிறிது சிறிதாகக் கடைவரிசைக்குப் போயினார். நண்பகலில் எம்மோடு உண்பதை நிறுத்தினார்; கேட்டால், ‘காலையிலேயே உண்டுவிட்டேன்’ என்பார். கைப்பேசியிற் செய்தி விடுத்தால் மறுமொழி வாராது. ஒருநாள் தம்முடைய தொல்காப்பியப் பொருளதிகார உரைநூலை நம் கையிற் கொடுத்து, ‘இனி எனக்கு இது வேண்டா, நீயே வைத்துக்கொள்’ என்றார்.

நாம் யாது செய்தோம்? விலையுயர்ந்த நூல் கிடைத்ததே என்று மகிழ்ந்து வாங்கிக்கொண்டோம். அதனை இப்பொழுது நினைப்பினும் நாணுகின்றோம். மெய்ப்பாட்டியலை அந்நூலிலேயே படித்து, அழுகையின் நிலைக்களம் நான்கினையும் மனப்பாடஞ் செய்து, தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். நூலைக் கொடுத்தவர் முகத்தை மட்டும் நோக்கினோமல்லேம்.

பத்து நாள் கழித்து அவர்தம் தாயார் தொலைபேசியில் அழைத்தார். ‘தம்பி, அவன் இரவெல்லாம் உறங்குவதில்லை. என்னிடம் ஒன்றுஞ் சொல்லவில்லை. உன்னிடம் ஏதேனுஞ் சொன்னானா?’ என்றார். சொல்லவில்லை என்றோம். சொல்லிவைத்தபின் தான், அவர் சொல்லவேண்டுவன எல்லாவற்றையும் முன்னரே சொல்லிவிட்டார், நாம்தாம் கேட்டிலேம் என்பது புலப்பட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குச் சென்றோம். முதலில் நாம் செய்ததும் பிழையே. ‘மனத்தைத் திடப்படுத்திக்கொள், எல்லாம் சரியாகும், உன்னினும் துன்பப்படுவோர் எத்தனை பேர்’ என்று அறிவுரை கூறத் தொடங்கினோம். அவர் வாய்மூடிக்கொண்டார். பின்னர் நாமும் சொல்லின்றி அமர்ந்தோம். தாயார் தேநீர் வைத்துச் சென்றார். நெடுநேரங் கழித்து அவரே பேசலானார். இரண்டு தாள்களில் தவறிவிட்டதும், அதனை வீட்டில் மறைத்ததும், கட்டணத்திற்காகத் தாயார் மிகுதி நேரம் வேலை செய்வதைக் காணுந்தோறும் தாம் ஒரு கள்வர் என்று தோன்றுவதும், சில இரவுகளில் உயிரோடிருக்க வேண்டுமா என்னும் எண்ணம் வருவதும் அப்பொழுதுதான் வெளிவந்தன. நாம் நடுங்கினோம், எனினும் எழுந்து போகவில்லை. அன்று மாலையே அவர் இசைவுடன் தாயாரிடமும், மறுநாள் எம் ஆசிரியர் ஒருவரிடமும் கூறினோம். ஆசிரியர் தாமே உடன்சென்று அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துப்போயினார்.

தாயார் சினந்தாரா? ‘இரண்டு தாள்தானே, அடுத்த முறை எழுதினால் ஆயிற்று. இதற்காகவா உறங்காதிருந்தாய்?’ என்று அழுதார். மகன் ஆறு மாதம் அஞ்சியிருந்த சொல் அவர் வாயில் வரவேயில்லை.

4. தணிக்கும் நெறி

இனித் தீர்வினை, தளர்ந்தார் செய்வது, நண்பர் செய்வது, பெற்றோரும் கல்லூரியும் செய்வது என மூன்றாக வகுத்துக் கூறுவோம்.

தளர்ந்தார்க்கு முதலாவது வேண்டுவது உறக்கமும் உணவுமாம். விவிலியத்தில் எலியா என்னும் தீர்க்கதரிசி மனமுடைந்து, சூரைச்செடியின் கீழ்ப் படுத்துத் தம் உயிரை எடுத்துக்கொள்ளுமாறு இறைவனை வேண்டிய வரலாறு உண்டு. அவரிடம் வந்த தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை, அறிவுரையும் கூறவில்லை. உறங்கியவரைத் தட்டியெழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்தான்; மீண்டும் உறங்கவிட்டு, இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் செய்தான். வழிப்பயணமும் மெல்லிய குரலும் அதற்குப் பின்னரே. பகலிற் கற்றதை மூளை நிலைப்படுத்திக்கொள்வது உறக்கத்திலேயே என்று இக்கால அறிவியலும் கூறுகின்றது. ஆதலின் விழித்திருந்து படித்தல் ஒரு கையால் இட்டு மறுகையால் எடுத்தலேயாம்.

இரண்டாவது, பாடத்தைப் பகுத்துக்கொள்ளுதல். ‘ஒரு பருவப் பாடம்’ என்னும் மலையை நோக்கி அஞ்சாது, இன்று இரண்டு நூற்பா, நாளை இரண்டு என வகுத்துக்கொள்ளின் அச்சங் குறையும். மூன்றாவது, மாலையில் உடம்பிற்கு உழைப்பு. வேலூர்க் கோட்டையின் அகழியோரம் அரைமணி நடந்து வருதற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. நான்காவது, நள்ளிரவில் கைப்பேசியைக் கைவிடுதல். பிறர் மகிழ்ச்சிப் படங்களைத் தம் துயரோடு ஒப்பிட்டு நோக்குதலினுந் தளர்ச்சி தருவது வேறில்லை. மதுவும் போதைப்பொருளும் துயரை மறப்பிப்பனபோற் காட்டிப் பன்மடங்காக்குவன. இவை யாவற்றினும் முதன்மையானது, நம்பத்தக்க ஒருவரிடம் வாய்திறந்து சொல்லுதல். இவற்றாலும் நீங்காத சோர்விற்கு மருத்துவரை நாடுதல் இழுக்கன்று.

நண்பர் செய்யத்தக்கன சில. முகமாற்றத்தைக் கவனிக்க; தனித்து ஒதுங்குதல், உண்ணாமை, உறங்காமை, அரும்பொருளைப் பிறர்க்கு அளித்துவிடுதல், ‘நான் இல்லாவிட்டால் நன்று’ என்பன போன்ற சொற்கள் ஆகியவற்றை விளையாட்டென்று விடற்க. அறிவுரையை அடக்கிச் செவியைக் கொடுக்க. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று வெளிப்படையாகவும் அன்பாகவும் வினவுக. வினவினால் அவ்வெண்ணத்தைத் தூண்டிவிடுவோம் என்னும் அச்சம் வேண்டா. பேசக் கிடைத்த இடமே பலர்க்கு ஆறுதலாகும். உயிர்க்கு இடர் உண்டென அறியின், ‘யாரிடமுஞ் சொல்லேன்’ என்று வாக்களித்தல் கூடாது; அவரைத் தனியே விடாது, பெரியோர் ஒருவரை உடனே அழைக்க வேண்டும்.

பெற்றோர் செய்யத்தக்கதை நம் ஊரிலேயே காணலாம். 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் வித்யா சாகர் என்னும் மருத்துவர், நோயாளிகளோடு அவர்தம் குடும்பத்தாரையும் கூடாரங்களிற் தங்கச் செய்து மருத்துவம் பார்த்தார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1957-ஆம் ஆண்டில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி நிறுவிய மனநல மையத்திலும், நோயாளியோடு உறவினர் உடனிருந்து பேணும் முறை மேற்கொள்ளப்பட்டது. மனநோயுற்றாரை அடைத்து வைத்து அகன்றுபோன காலத்தில், உற்றார் உடனிருத்தலே மருந்தின் ஒரு கூறென்று கண்ட இம்முயற்சிகள் பெரிதும் போற்றத்தக்கன. மதிப்பெண்ணை வினவுமுன் ‘உறங்கினாயா, உண்டாயா’ என்று வினவும் பெற்றோர் அம்மருந்தின் பாதியை வீட்டிலேயே தருகின்றனர்.

கல்லூரிகளின் கடமையும் சிறிதன்று. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டில் 13,044 மாணாக்கர் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். இத்துயர்நிலை கண்டு உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கல்வி நிலையங்கட்குச் சில நெறிமுறைகளை வகுத்தது. நூறு மாணாக்கரோ அதற்கு மேற்பட்டோரோ பயிலும் நிலையங்கள் தகுதிவாய்ந்த உளநல ஆலோசகர் ஒருவரையேனும் அமர்த்தவேண்டும் என்பதும், மதிப்பெண் பற்றி மாணாக்கரை வகுப்பு வகுப்பாகப் பிரித்துப் பழித்தல் கூடாதென்பதும், ஆசிரியர்க்கும் பணியாளர்க்கும் இதுபற்றிய பயிற்சி அளிக்கவேண்டும் என்பதும் அவற்றுட் சில. சட்டம் அறையையும் நாற்காலியையும் அமைத்துத் தரலாம்; அவ்வறைக்குள் நுழைவோரைக் கண்டு பிறர் நகையாதிருத்தல் மாணாக்கராகிய நம் கையில் உள்ளது.

இரவு நேரத்தில் ஒருவருங் கிட்டாதபொழுது அழைத்தற்கும் வழி உண்டு. 2022-ஆம் ஆண்டில் மைய அரசு தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசி உதவியின் எண் 14416. எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டரசின் 104 என்னும் எண்ணும் உண்டு. சென்னையில் 1986-ஆம் ஆண்டு முதல் ‘சிநேகா’ என்னுந் தொண்டு நிறுவனமும் இப்பணியைச் செய்து வருகின்றது. இவ்வெண்களை ஒவ்வொருவரும் தம் கைப்பேசியிற் பதித்து வைத்தல் நன்று. நமக்கு வேண்டாவிடினும் அருகிலிருப்பார்க்கு வேண்டுவதாகலாம்.

முடிவுரை

மாணவ நண்பர்காள்! கல்வி நம்மை வாழ்விப்பதற்கே வந்தது. அதன்பொருட்டு வாழ்வை இழத்தல், விளக்கின்பொருட்டு வீட்டைக் கொளுத்துதல் போலும். தளர்ந்தபொழுது தளர்ந்தேன் என்று சொல்லுதற்கு வேண்டிய துணிவை நாம் பெறுவோமாக. அவ்வாறு சொல்லுவார் ஒருவர் நம்மை நாடி வருங்கால் அமர்ந்து கேட்டற்கு வேண்டிய பொறுமையையும் பெறுவோமாக.

நம் நண்பர் இப்பொழுது மீண்டும் வகுப்பிற்கு வருகின்றார். மருந்தும் ஆலோசனையும் தொடர்கின்றன. தவறிய தாள்களுள் ஒன்றில் தேறிவிட்டார்; மற்றொன்றை இப்பருவத்தில் எழுத இருக்கின்றார். சில நாள் இன்னும் அவர்க்குக் கடினமாகவே கழிகின்றது. அந்நாட்களில் அதனை எம்மிடம் சொல்லுகின்றார். அவர் கொடுத்த உரைநூலை நாம் திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்பொழுது அது இருவர்க்கும் பொதுவாய், முன்வரிசை மேசையின்மேல் இருக்கின்றது.